மாயா மக்களின் வாத்தியங்களும் நமது வகுப்பறையும்

பண்டைய மக்களைப் பற்றிப் பள்ளியில் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் கல்லையும் எழுத்தையும் கொண்டே கற்பிக்கின்றோம். கல் நிலைத்து நிற்கிறது. எழுத்தைப் படிக்க முடிகிறது. ஒலியோ எழுந்த கணமே மறைந்துவிடுகிறது. ஆகவே ஒரு பழைய நாகரிகத்தின் இசையைப் பாடமாக எடுத்துக்கொள்வது முதற்பார்வையில் வீண் முயற்சியாகத் தோன்றலாம். எனினும் மத்திய அமெரிக்காவின் மாயா மக்களைப் பொறுத்தவரை, பத்து முதல் பதின்மூன்று வயதுள்ள பிள்ளைகளுக்கு இதனினும் தக்க வாயில் வேறில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அவர்கள் வாசித்த வாத்தியங்களைப் பற்றி நாம் நிறைய அறிந்திருக்கின்றோம். அவற்றில் எழுந்த பாட்டு எது என்பதை அறியோம். இவ்விரண்டையும் ஒருங்கே எடுத்துரைக்கும் பாடத்தில், சரித்திர அறிவு எவ்வாறு திரட்டப்படுகிறது, அது எங்கே நின்றுவிடுகிறது என்பதைப் பிள்ளைகள் தம் கைகளாலேயே உணரக்கூடும்.

மாயா மக்கள் வாழ்ந்ததும் வாழ்வதுமான நிலம் இன்றைய தென்கிழக்கு மெக்சிகோ, குவாதமாலா, பெலீஸ் ஆகியவற்றையும், ஹோண்டுராஸ், எல் சால்வடார் நாடுகளின் மேற்குப் பகுதிகளையும் தழுவியது. ஏறக்குறைய கி.பி. 250 முதல் 900 வரையுள்ள காலத்தைச் செவ்வியல் காலம் என்பர். அக்காலத்தில் அங்கே ஒரு பேரரசு இருந்ததில்லை. தனித்தனி அரசர்களைக் கொண்ட பல நகரங்களே இருந்தன. இம்மக்கள் மறைந்துபோனவர்கள் என்று சில நூல்கள் எழுதுவது பெரும் பிழை. மறைந்தது தென்பகுதியின் பல நகரங்களில் நடந்த அரசர் ஆட்சியே. மாயா மொழிகளைப் பேசுவோர் இன்றும் பல இலட்சம் பேர் உள்ளனர். குவாதமாலாவில் மட்டும் 22 மாயா மொழிகள் வழங்குகின்றன. பாடத்தின் முதல் நாளிலேயே இதைச் சொல்லிவிடுவது நலம். பிள்ளைகள் செய்யப் போவது இறந்தவர்களின் வாத்தியமன்று. உயிரோடுள்ள ஒரு மக்களின் முன்னோர் கையாண்ட வாத்தியம்.

இனி, அவ்வாத்தியங்களை நாம் எவ்வாறு அறிவோம்? முதற்சான்று ஓவியம். மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்துக் காட்டினுள் போனாம்பாக் என்னும் சிறு நகரத்தின் இடிபாடுகள் உள்ளன. அங்கே மூன்று அறைகள் கொண்ட ஒரு கட்டடத்தின் சுவர்கள் முழுவதும் வண்ண ஓவியங்கள். ஏறத்தாழ கி.பி. 790 ஆம் ஆண்டை ஒட்டித் தீட்டப்பட்ட இவை, 1946 ஆம் ஆண்டில்தான் வெளியுலகின் பார்வைக்கு வந்தன. முதல் அறையின் கீழ்ப்பகுதியில் இசைவாணர் வரிசை ஒன்று நடந்துவருகிறது. இரு கைகளிலும் கிலுகிலுப்பை ஏந்தி ஆட்டுவோர் சிலர். நிமிர்ந்து நிற்கும் உயரமான முரசை வெறுங்கையால் முழக்குவோன் ஒருவன். ஆமையோட்டை ஏந்தி மான்கொம்பினால் தட்டுவோர் சிலர். நீண்ட ஊதுகொம்புகளை மேல்நோக்கி உயர்த்தியோர் சிலர். இவர்களிடையே முதலை முகம் பூண்டவனும், நண்டின் கொடுக்குகள் போன்ற பெருங்கைகளை மாட்டியவனும் வேடதாரிகளாகக் காட்சியளிக்கின்றனர். இவ்வோவியத்தின் அச்சுப்படி ஒன்று கிடைத்தால் பாடத்தின் பாதி வேலை முடிந்தது எனலாம். ஆசிரியர் எதையும் சொல்லாமல் படத்தைப் பத்து நிமிடம் பிள்ளைகளிடம் விட்டுவிட வேண்டும். யார் எதை எப்படிப் பிடித்திருக்கிறார் என்பதை அவர்களே கண்டு சொல்வர்.

இரண்டாம் சான்று எழுத்து. டியேகோ தெ லாண்டா என்னும் ஸ்பானியப் பாதிரியார் யுகடானைப் பற்றி 1566 ஆம் ஆண்டளவில் எழுதிய நூலில் மாயா மக்களின் வாத்தியங்களைக் குறித்துள்ளார். கையால் தட்டும் சிறு முரசுகள், உள்ளீடற்ற மரத்தாலான கனத்த ஓசையுடைய வேறொரு முரசு, அதை அடிப்பதற்கு நுனியில் ரப்பர் பொருத்திய கோல், நுனியில் சுரைக்குடுக்கை பொருத்திய நீண்ட மரக்கொம்புகள், மான் எலும்பிலான ஊதல்கள், பெருஞ்சங்குகள், நாணற்குழல்கள் ஆகியவை அவர் காட்டும் பட்டியலில் உள்ளன. ஆமையோட்டை உள்ளங்கையால் தட்டுவார்கள் என்றும், அதன் ஓசை துயரம் தோய்ந்தது என்றும் அவர் எழுதுகிறார்.

இங்கே ஆசிரியர் சற்று நின்று பேச வேண்டும். இதே லாண்டாதான் 1562 ஆம் ஆண்டில் மானி என்னும் ஊரில் மாயா மக்களின் சுவடிகளைத் திரட்டித் தீயிலிட்டவர். இன்று எஞ்சியிருப்பவை நான்கே சுவடிகள். ஒரு மக்களின் நூல்களை எரித்த மனிதரே அவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைத்த முதன்மையான எழுத்துச் சாட்சியாகவும் இருக்கிறார். அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? போனாம்பாக் ஓவியத்தில் ஆமையோடு கொம்பினால் தட்டப்படுகிறது. லாண்டாவோ உள்ளங்கையால் என்கிறார். ஒருவர் பிழைபட்டாரா, அல்லது எண்ணூறு ஆண்டுக்கு நெருங்கிய இடைவெளியிலும் வெவ்வேறு ஊர்களிலும் வழக்கம் மாறியதா? இதற்கு விடை கூறும் கட்டாயம் ஆசிரியருக்கு இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இவ்வினாவை முக்கால் மணி நேரம் விவாதிக்க வல்லவர்கள். அவர்களைத் தடுக்க வேண்டியதில்லை.

மூன்றாம் சான்று மண்ணிலிருந்து எடுத்த பொருள்கள். காம்பெச்சே கடற்கரைக்கு அப்பாலுள்ள ஹைனா என்னும் சிறு தீவின் கல்லறைகளில் சுடுமண் உருவங்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அரசன், நெசவு செய்யும் பெண், பந்தாட்டக்காரன் என்று பல வடிவங்களில் உள்ள இப்பொம்மைகளிற் பல வெறும் பொம்மைகளல்ல. பின்புறம் ஊதினால் ஒலிக்கும் ஊதல்கள், அல்லது உள்ளே மண் உருண்டைகள் கொண்ட கிலுகிலுப்பைகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த ஊதல்களில் சில இன்றும் ஒலிக்கும் நிலையில் உள்ளன. அதாவது அந்த ஒலியை நாம் கேட்க முடியும். அதைக் கொண்டு அவர்கள் இசைத்தது எது என்பதை மட்டும் கேட்க முடியாது. மாயா எழுத்துமுறை இன்று பெரும்பாலும் படிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் இசையைக் குறிக்கும் எழுத்து முறை எதுவும் அவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே வகுப்பறையில் பிள்ளைகள் கூடி வாசிப்பது மாயா இசை அன்று; மாயா வாத்தியங்களைப் போன்றவற்றில் அவர்களே இயற்றும் இசை. இந்த வேற்றுமையை மறைத்துவிட்டால், பாடம் எவ்வளவு உற்சாகமாக நடந்தாலும் பிள்ளைகள் பொய்யொன்றைக் கற்றுக்கொண்டு வீடு செல்வார்கள். பண்டை மாயா இசை என்ற பெயரில் இணையத்திலும் கடைகளிலும் கிடைக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இதற்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு. கரும்பலகையில் மூன்று பத்திகள் வரைந்து, கண்டது, கேட்டது, கூட்டியது என்று தலைப்பிடுக. ஓவியமும் தோண்டியெடுத்த பொருளும் தருவன முதற்பத்தி. லாண்டா முதலியோர் எழுதியதும், இன்றைய மாயா மக்கள் சொல்வதும் இரண்டாம் பத்தி. நாமாகச் சேர்த்துக்கொண்டவை மூன்றாம் பத்தி. பாடம் முடியும்வரை இப்பலகையை அழிக்கலாகாது.

செய்முறைக்கு வருவோம். எளிதிற் செய்யத்தக்கது கிலுகிலுப்பை. இதற்கு நம் நாட்டுச் சுரைக்குடுக்கையே போதும். சுரை ஆப்பிரிக்காவில் தோன்றி, கொலம்பசுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே அமெரிக்காவை அடைந்தது. காய் கடலில் மிதந்து சென்றிருக்கும் என்று இன்றைய ஆராய்ச்சி கருதுகிறது. நன்கு முற்றி உலர்ந்த குடுக்கையில் துளையிட்டு, உள்ளிருக்கும் சக்கையை நீக்கி, சிறு கூழாங்கல்லோ வேப்பங்கொட்டையோ இட்டுக் காம்பாக ஒரு கழியைச் செருக வேண்டும். குன்றிமணியை மட்டும் இடலாகாது. அது கொடிய நஞ்சு. கேழ்வரகு இட்ட குடுக்கைக்கும் புளியங்கொட்டை இட்ட குடுக்கைக்கும் ஓசை எவ்வாறு மாறுகிறது, கால் பங்கு நிரப்பியதற்கும் முழுவதும் நிரப்பியதற்கும் என்ன வேற்றுமை என்பதைச் சோதித்துப் பார்க்கட்டும். முழுவதும் நிரம்பிய குடுக்கை ஊமையாகிவிடும்.

அடுத்தது மரமுரசு. யுகடானில் இதனைத் துன்குல் என்பர். தோல் இல்லை, குடைந்த மரத்தின் மேற்புறத்தில் ஆங்கில எழுத்தாகிய 'எச்' வடிவில் பிளவு வெட்டப்பட்டிருக்கும். அதனால் ஒன்றையொன்று நோக்கிய இரு மரநாக்குகள் உண்டாகின்றன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சுருதி வேறு. பள்ளியில் இதைத் தடித்த மூங்கிலில் செய்யலாம். இரு முனையிலும் கணு உள்ள ஒரு துண்டை எடுத்து, உள்ளூர்த் தச்சரைக் கொண்டு நீளவாக்கில் இரு பிளவுகளும், அவற்றை இணைக்கும் ஒரு குறுக்குவெட்டும் போடச் செய்க. குறுக்குவெட்டு நடுவில் இராமல் சற்று ஒருபுறம் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு நாக்கு நீண்டும் மற்றது குறுகியும் அமையும். முரசைத் தரையில் வைத்து அடித்தால் ஓசை அமுங்கும். வீட்டில் பானைக்கு இடும் பிரிமணைகள் இரண்டின்மேல் வைத்தால் நன்கு ஒலிக்கும். கோலின் நுனியில் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய கீற்றைச் சுற்றிக்கொள்க. இது வெறும் சிக்கனம் அன்று. ரப்பர்ப் பாலைக் கொடியொன்றின் சாற்றுடன் கலந்து உறையவைக்கும் கலையை மத்திய அமெரிக்க மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு மிக முன்பே அறிந்திருந்தனர். வெறுங்கோலால் ஒருமுறையும் ரப்பர்க் கோலால் ஒருமுறையும் அடிக்கச் செய்தால், லாண்டா அந்த ரப்பரை ஏன் குறிப்பிட்டார் என்பது விளங்கும். முன்னது சடசடக்கும், பின்னது ஆழ்ந்து முழங்கும்.

நாக்கின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள தொடர்பை அடிக்கோல் கொண்டு காட்டலாம். மேசை விளிம்பில் அடிக்கோலை அழுத்திப் பிடித்து, நீட்டிக்கொண்டிருக்கும் முனையைத் தெறிக்கவிடுக. நீட்சி மிகுந்தால் அதிர்வு தளரும், குறைந்தால் விரையும். ஒரே தடிப்புள்ள பட்டையில் நீளம் இருமடங்கானால் அதிர்வெண் கால்பங்காகிறது. இக்கணக்கை மேல் வகுப்புகளுக்கு மட்டும் சொன்னாற் போதும்.

ஆமையோட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆர்வ மிகுதியால் சில பிள்ளைகள் எங்கிருந்தேனும் ஆமையோட்டையோ மான்கொம்பையோ கொணரக்கூடும். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவனவற்றை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றமாகும். கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து மரக்குச்சியால் தட்டினால் போதும். இது மூன்றாம் பத்திக்கு உரியது என்பதைப் பிள்ளைகளே எழுதட்டும். மண்பானையின் வாயில் ரப்பர்த் தாளை இழுத்துக் கட்டிய முரசு அவ்வாறன்று. தோல் போர்த்திய சுடுமண் முரசுகள் மாயா மக்களிடமும் இருந்தன. அங்கே மண் கண்டது, ரப்பர்த் தாள் கூட்டியது. ஒரே வாத்தியத்தின் பகுதிகள் இரு பத்திகளில் இடம்பெறுவதைப் பிள்ளைகள் மிகவும் விரும்புவர்.

ஊதுகொம்புக்குப் பெருவிரல் பருமனுள்ள துளையுடைய மூங்கிற்குழல் ஏற்றது. அதன் நுனியில் வெட்டிய சுரைக்கழுத்தைப் பொருத்தினால் லாண்டா கூறிய கொம்பின் தோற்றம் வந்துவிடும். ஒலி பிறப்பது குழலில் அன்று, ஊதுவோனின் உதட்டில்; குழல் அவ்வதிர்வைத் தேர்ந்து பெருக்குகிறது. சங்கிலும் இதுவே நிகழ்கிறது. கிராமப் பிள்ளைகள் பப்பாளியின் இலைக்காம்பை ஊதி விளையாடுவதுண்டு. பப்பாளி மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் தந்த மரம் என்பதை இங்கே சொல்லலாம். காம்பின் பால் வாயைப் புண்ணாக்கும். ஆகவே கழுவி உலர்த்திய பின்னரே ஊத விட வேண்டும்.

மண் ஊதலைப் பிள்ளைகளே செய்வது கடினம். குயவர் ஒருவரின் உதவி கிடைத்தால் நன்று. இல்லையேல் குறுகிய கழுத்துள்ள புட்டியின் வாயில் ஊதிக் காட்டினால் தத்துவம் விளங்கும். புட்டியில் நீர் ஊற்ற ஊற்ற உள்ளிருக்கும் காற்றின் கொள்ளளவு குறைந்து சுருதி உயருகிறது. உருண்டை வடிவான மண் ஊதலில், புல்லாங்குழலைப் போலத் துளையின் இடம் பெரிதன்று. திறந்திருக்கும் துளைகளின் மொத்தப் பரப்பே பெரிது. எந்தத் துளையைத் திறந்தாலும், அளவு ஒன்றானால் சுருதியும் ஏறக்குறைய ஒன்றே. புல்லாங்குழல் பயிலும் பிள்ளை வகுப்பில் இருந்தால் இது அவனை வியப்பில் ஆழ்த்தும்.

நரம்பு வாத்தியம் எதுவும் இப்பட்டியலில் இல்லாததைப் பிள்ளைகள் கேட்பார்கள். ஸ்பானியர் வருகைக்கு முன் மாயா மக்களிடம் அவை இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை. மரிம்பா என்னும் மரப்பலகை வாத்தியமும் சேர்க்கத்தக்கதன்று. அது இன்று குவாதமாலாவின் தேசிய வாத்தியம். ஆயினும் அதன் மூலம் ஆப்பிரிக்கா.

வாத்தியங்கள் தயாரானபின் எதை வாசிப்பது? பாட்டு கிடைக்கவில்லை; ஆனால் எண்கள் கிடைத்துள்ளன. மாயா மக்கள் இருபதை அடியாகக் கொண்டு எண்ணினர். ஒன்றுக்குப் புள்ளி, ஐந்துக்குக் கோடு, சுழிக்குச் சிப்பி போன்ற குறி. இந்தியாவைப் போலவே அவர்களும் சுழியைத் தாமாகவே கண்டவர்கள். அவர்களுடைய சடங்குப் பஞ்சாங்கத்தில் 13 எண்களும் 20 நாட்பெயர்களும் இணைந்து சுழன்று, 260 நாட்களுக்கு ஒருமுறை தொடங்கிய இடத்துக்கே திரும்பும். வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு குழு ஒவ்வொரு பதின்மூன்றாம் எண்ணிக்கையிலும் மரமுரசைத் தட்டட்டும். மறு குழு ஒவ்வொரு இருபதாம் எண்ணிக்கையிலும் கிலுகிலுப்பையை ஆட்டட்டும். ஆசிரியர் நொடிக்கு ஒன்றாக எண்ணிக்கையை நடத்துவார். இரு மாணாக்கர் தரையில் புளியங்கொட்டையைப் புள்ளியாகவும் ஈர்க்கைக் கோடாகவும் வைத்துக் கணக்குக் காட்டுவர். இருபது நிறைவுறும் ஒவ்வொரு முறையும் கீழ்த்தானத்தை ஒழித்து அங்கே ஒரு சிப்பியை வைத்து, மேல்தானத்தில் ஒன்று கூட்ட வேண்டும்.

முப்பத்தொன்பதில் முரசு, நாற்பதில் கிலுகிலுப்பை. நூலிழையில் தவறிவிட்டது என்று வகுப்பு ஆரவாரிக்கும். பின்னர் இரண்டும் விலகிச் செல்கின்றன. இருநூற்று இருபதில் கிலுகிலுப்பை, அடுத்த எண்ணிலேயே முரசு, மீண்டும் தவறுகிறது. நான்கு நிமிடம் இருபது நொடி கழிந்து, 260 ஆம் எண்ணில் இரண்டும் ஒருங்கே ஒலிக்கும்போது தரையில் மேலே இரு கோடும் மூன்று புள்ளியும், கீழே ஒரு சிப்பியும் இருக்கும். மீச்சிறு பொது மடங்கு என்னும் சொல்லை அதுவரை உருப்போட்டு மட்டும் வைத்திருந்த பிள்ளைக்கு இந்த நான்கு நிமிடம் போதும். ஆண்டுக் கணக்காகிய 365 நாட்களையும் சேர்த்தால் இரு பஞ்சாங்கங்களும் ஒருங்கே தொடங்க 18,980 நாட்கள், அதாவது 52 ஆண்டுகள் ஆகும். அதே வேகத்தில் முழக்கினால் ஐந்து மணிக்கு மேலாகும் என்று சொன்னாற் போதும், முழக்க வேண்டியதில்லை.

மாயா மக்கள் இவ்வாறு முரசறைந்தார்கள் என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. பஞ்சாங்கம் முதற்பத்தி, அதைத் தாளமாக்கியது முழுவதும் மூன்றாம் பத்தி. இதனைச் சொல்லாமல் விட்டால் அடுத்த ஆண்டு விழாவில் இதுவே மாயா மக்களின் புனிதத் தாளம் என்று அறிவிக்கப்பட்டுவிடும்.

தமிழ் வகுப்புகளில் தவறாது எழும் மற்றொரு வினாவும் உண்டு. நம் புராணங்களில் வரும் மயன் என்னும் தச்சனும் இம்மாயாவும் ஒன்றா என்பதே அது. பெயரொலி ஒத்திருப்பதன்றி வேறு தொடர்பு இல்லை. மாயா என்னும் பெயர் யுகடானில் வழங்கியது. மாயாபான் என்னும் நகரின் பெயரிலும் அது உள்ளது. மற்றப் பகுதி மக்கள் தம்மைக் கிச்சே, கெக்சி முதலிய வேறு பெயர்களால் அழைத்துக்கொள்கின்றனர். வினாவிய பிள்ளையை நகையாடாமல், இதற்கு எந்தப் பத்தியில் இடம் உண்டு என்று அவனையே பலகையருகில் அழைத்துத் தேடச் சொல்வது நல்லது.

பாடத்தின் கடைசி வேளையை இன்றைய மாயா மக்களுக்கு ஒதுக்குதல் தகும். குவாதமாலாவின் ரபினால் என்னும் ஊரில் ரபினால் அச்சி என்ற பழைய ஆடல் நாடகம் ஜனவரி மாதத்தில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஸ்பானியர் வருகைக்கு முற்பட்ட கதை அது. மரமுரசும் கொம்புகளும் அதற்குப் பக்கவாத்தியம். யுனெஸ்கோ நிறுவனம் 2005 ஆம் ஆண்டில் இதனை மனித இனத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. ஐந்நூறு ஆண்டுகளில் எது மாறியது, எது மாறவில்லை என்பதைப் பிரித்தறிவது அறிஞர்களுக்கும் எளிதன்று. ஆயினும் தாம் மூங்கிலில் வெட்டிய முரசின் மூத்த உறவு ஒன்று இன்றும் ஒரு தெருவில் முழங்குகிறது என்பதைப் பிள்ளைகள் அறிவர்.

செய்த வாத்தியங்களைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ள விரும்புவோர் குடுக்கைகளை வேப்பிலையோடு உலர்ந்த இடத்தில் வைக்க. இல்லையேல் வண்டு துளைத்துவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் கட்டி, அதன் எப்பகுதி கண்டது, எது கேட்டது, எது கூட்டியது என்பதைச் செய்த பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதிவைத்தல் வேண்டும்.